பதினாறு புள்ளி மூன்று எட்டு

கணபதியில், மூடிப்போன நூல்மில்லின் பின்சுவரை ஒட்டிப் போகும் சந்தில், லேத்துப் பட்டறைகளும் பிரஸ் கம்பெனிகளும் முலாம் போடும் கொட்டகைகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும் அந்தச் சந்தில், ஒரு திங்கட்கிழமை காலை ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தி, வேலைக்கு உட்கார்ந்த எல்லோருடைய டிஜிட்டல் கேலிப்பரும், பொருளைக் கவ்வி அளக்கும் அதன் இரண்டு தாடைகளும் ஒட்ட மூடிய பிறகும் பூஜ்ஜியத்துக்கு வராமல் பதினாறு புள்ளி மூன்று எட்டு மில்லிமீட்டரில் நின்றது.

தாடைகளுக்கு நடுவே ஒன்றுமில்லை. வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள், கீற்று வெளிச்சம்கூட நுழையவில்லை. பனியன் துணியால் துடைத்துப் பார்த்தார்கள், பெட்ரோல் தொட்டுத் துடைத்துப் பார்த்தார்கள், பொத்தான் பேட்டரியைக் கழற்றிப் புதிதாகப் போட்டார்கள். பூஜ்ஜியப் பொத்தானை அழுத்தினால் திரை பணிவாகப் பூஜ்ஜியம் காட்டியது, ஒருமுறை திறந்து மூடினால் மறுபடி அதே பதினாறு புள்ளி மூன்று எட்டு. திரையே இல்லாத, கண்ணால் கோடு பார்த்துப் படிக்கும் பழைய வெர்னியர்களும் அங்கேதான் போய் நின்றன என்றால் பேட்டரியைக் குறை சொல்லி என்ன பயன்.

இது எதனுடைய அளவு என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். முந்தின சனிக்கிழமை சென்னியப்பன் கம்பெனியின் பவர் பிரஸ்ஸில் கோகிலாமணிக்கு வலதுகை ஆள்காட்டி விரல் போயிருந்தது. அந்த விரலின் அகலம்தான் அது.

பவர் பிரஸ்ஸைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். பம்பு மோட்டாருக்குள் அடுக்குகிற தகடுகளை வெட்டுவது அது. மேலே ஒரு அச்சு, கீழே ஒரு அச்சு, நடுவே தகட்டை வைக்க வேண்டும், மேலச்சு இறங்கி வெட்டும். முன்பக்கம் இடதும் வலதுமாக இரண்டு பட்டன்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும், இரண்டு கையும் பட்டனில் இருந்தால் எந்தக் கையும் அச்சுக்கடியில் இருக்க முடியாது. இதைவிடச் சுலபமான தர்க்கத்தை மனிதர்கள் கண்டுபிடித்ததில்லை. சென்னியப்பன் கம்பெனியில் வலது பட்டனை அழுத்திய நிலையிலேயே கறுப்பு டேப்பால் சுற்றி ஒட்டியிருந்தார்கள், இடதுகை பட்டனிலும் வலதுகை தகட்டிலுமாக இருந்தால் வேலை வேகமாக ஓடும் என்பதற்காக. அந்தச் சந்தில் அதற்கு ஒரு பேர் இருந்தது: ஒத்தைக்கை ஓட்டம். ஒத்தைக்கை ஓட்டம் தெரியாத பெண்ணை யாரும் வேலைக்கு எடுப்பதில்லை.

சென்னியப்பன் தன் காரிலேயே கோகிலாமணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் காந்திபுரம் தாண்டுவதற்குள் அவர் கதையைக் கட்டி முடித்துவிட்டார்: விரல் போனது வீட்டில், மாவாட்டும் கிரைண்டரில். கோகிலாமணி அதற்குத் தலையாட்டவில்லை. கட்டுப் போட்ட கையோடு அவள் கேட்டதெல்லாம், இங்கேதான் போச்சு என்று அவர் வாயால் சொல்ல வேண்டும், அந்த டேப்பைப் பிரிக்க வேண்டும், அவ்வளவுதான். கிரைண்டர் என்று அவள் சொல்கிறவரைக்கும் அவளுக்கு அங்கே வேலையில்லை என்றார் அவர். திங்கட்கிழமை அந்தப் பிரஸ்ஸில் வேறொரு பெண் உட்கார்ந்தாள். அவள் என் அம்மா.

ஆகவே எனக்கு இந்த விஷயத்தில் நடுநிலைமை கிடையாது. அதை நடித்துக்காட்டவும் போவதில்லை.

இப்போது அந்தச் சந்து என்ன செய்தது என்று கேளுங்கள். வேலையை நிறுத்தியதா, அச்சத்தில் உறைந்ததா, ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானத்துக்குள் எல்லோரும் கழிக்கப் பழகிவிட்டார்கள். நாற்பது மில்லிமீட்டர் தண்டை அளந்தால் ஐம்பத்தாறு புள்ளி மூன்று எட்டு காட்டும், பதினாறு புள்ளி மூன்று எட்டைக் கழித்துக்கொண்டால் நாற்பது, தண்டு சரி, அடுத்ததை எடு. லேத்துக்காரர்கள் சுவரில் சாக்பீஸால் அந்த எண்ணை எழுதி, கண்பட்டுவிடாமலிருக்க மேலே ஒரு குங்குமப் பொட்டும் வைத்தார்கள். ஒருவன் அதைத் தன் ஆட்டோவின் பின்னாலேயே எழுதிக்கொண்டான், அதிர்ஷ்ட எண் என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் அவனிடம் விவரம் கேட்டார்கள். புதிதாக வேலைக்குச் சேருகிறவனிடம், கழிப்பறை எங்கே, டீ எப்போது என்று சொல்வதோடு, இவ்வளவு கழித்துக்கொள் என்றும் சொன்னார்கள், அவனும் ஏன் என்று கேட்காமல் கழித்துக்கொண்டான். மாப்பிள்ளை பார்க்க வந்த பெண்வீட்டார்கூட, மாப்பிள்ளை கால்குலேட்டர் இல்லாமல் மனதிலேயே கழிக்கிறவர் என்று சொல்லப்பட்டதைக் கேட்டுத் திருப்தியோடு பஜ்ஜி சாப்பிட்டார்கள். பக்கத்துப் பாலிடெக்னிக்கில் அளவியல் நடத்தும் ஞானசேகரன் சார், பள்ளிக்கூடப் புத்தகத்தில் உள்ள சுழிப்பிழைதான் இது, எந்தக் கருவிக்கும் வரும், பிழையைத் தெரிந்துவைத்திருந்தால் அது பிழையே இல்லை என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, இரண்டு மார்க் கேள்வியாகவும் ஆக்கிவிட்டார்.

நான் அவரிடம் போய்ச் சண்டை போட்டேன். பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முதுகலை படிக்கிறேன், சுழிப்பிழை என்றால் என்னவென்று எனக்கும் தெரியும்.

"சார், கருவி தேஞ்சா வர்றது சுழிப்பிழை. இது தேயல. இது ஒருத்தங்களோட விரல்."

"இருக்கலாம்மா," என்றார் அவர், சட்டைக் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே. "விரலா இருந்தாலும் மாறாத விரல்தானே. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு காட்டுதா? மாறாம இருக்கறதைக் கழிச்சுடலாம். அதுதான் அறிவியல்."

"கழிச்சா விரல் எங்க சார் போகுது?"

"அது சிலபஸ்ல இல்லம்மா."

எனக்கு வந்த வீம்பில் சொந்தமாக ஒரு கேலிப்பர் வாங்கிவிடுவது என்று யூசுப் பாயின் டூல்ஸ் கடைக்குப் போனேன். கண்ணாடி மேசை மேல் வரிசையாக எடுத்து வைத்தார் பாய். பிளாஸ்டிக் உடம்புக்காரன் வேண்டாம், அழுத்தினால் வளைவான், ஸ்டீல் எடு என்றார். பேட்டரி மூடி லொடலொடவென்று இருந்தால் அதைத் தொடாதே என்றார். கட்டைவிரல் சக்கரத்தை மெதுவாக உருட்டித் தாடை பொருளைத் தொட்டதும் நிறுத்து, இது கேலிப்பர், கிடுக்கி இல்லை என்றார். திரையில் புள்ளிக்குப் பின்னால் எத்தனை எண் ஓடுகிறது என்று பார்த்து மயங்காதே, எண்கள் நிறைய இருப்பது வேறு, சரியாக இருப்பது வேறு என்றார். அந்தச் சந்திலிருந்து நான் கேட்ட ஒரே தத்துவம் அது. இவ்வளவும் சொல்லிவிட்டு, விலை குறைந்ததிலிருந்து ஜப்பான்காரனுடையது வரை ஒவ்வொன்றாக மூடி என் பக்கம் திருப்பினார். பதினாறு புள்ளி மூன்று எட்டு. பதினாறு புள்ளி மூன்று எட்டு. பதினாறு புள்ளி மூன்று எட்டு.

"விலையிலதான் பாப்பா வித்தியாசம்."

"உங்களுக்குக் கோபமே வராதா பாய்?"

"வந்துச்சு. திங்கட்கெழம வந்துச்சு. செவ்வாக்கெழம கடைக்கு ஆள் வந்துருச்சு."

ஸ்டீல் ஒன்றை வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அங்கே ஆய்வுக்கூடத்தில் அது சமத்தாகப் பூஜ்ஜியம் காட்டியது. திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைக் கையிலேயே மூடிப் பிடித்திருந்தேன். சத்தி ரோட்டிலிருந்து சந்து பிரியும் பேக்கரி வரைக்கும் பூஜ்ஜியம், பேக்கரி தாண்டியதும் கோகிலாமணி.

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். சாயங்காலம் அவள் தேங்காயெண்ணெய் தடவித் தகட்டு எண்ணெய்க் கறையைக் கையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு விரலாக, பாத்திரம் தேய்ப்பது மாதிரி.

"அந்த டேப்பைப் பிரிக்கச் சொல்லும்மா. இல்லாட்டி அந்த மிஷின்ல உக்காராதே."

"டேப்பைப் பிரிச்சா பீஸு பாதிதான் வரும் கண்ணு, பீஸை எண்ணித்தான் கூலி. உக்காராட்டி வேற ஒருத்தி உக்காருவா."

"கோகிலாமணி அக்காவுக்கு ஆனது உனக்கும் ஆகும்."

"எனக்குக் கை வேகம். அவ அன்னைக்குப் பராக்குப் பாத்துட்டா."

"அவ பராக்குப் பாத்ததை நீ பாத்தியா?"

அம்மா அடுத்த விரலுக்குப் போய்விட்டாள். விரலை இழந்தவளைக் குறை சொல்லிவிட்டால் தன் விரல் பத்திரம் என்று நம்ப முடிகிறது. இதை மூடநம்பிக்கை என்று யாரும் சொல்வதில்லை, மூடநம்பிக்கையெல்லாம் கோயிலில்தான் இருக்கிறதாம்.

சென்னியப்பனிடமும் போனேன். ஆபீஸ் ரூமில் வெள்ளரிக்காய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எனக்கும் ஒரு துண்டு நீட்டினார், நான் வாங்கவில்லை.

"ஏம் பாப்பா, காலேஜ்ல இதைத்தான் சொல்லித்தர்றாங்களா, பெரியவங்க ரூமுக்குள்ள வந்து சத்தம் போடறது?"

"யுனிவர்சிட்டிங்கண்ணா."

"ஆகட்டும், யுனிவர்சிட்டி. அங்க கேலிப்பரு சரியாக் காட்டுதா?"

"காட்டுது."

"அப்ப அங்கயே அளந்துக்க சாமி."

வெளியே நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். நல்ல பதில்தான், எனக்கே உறைத்தது. வீடு போய்ச் சேருகிறவரை வேறு பத்துப் பதில்களை யோசித்துக்கொண்டே போனேன், ஒன்றுக்கும் கேட்க ஆள் இல்லை.

பிறகு ஒருநாள் கோகிலாமணி, கம்பெனியில் விட்டுவைத்திருந்த தன் டிபன் கேரியரை எடுத்துப் போக வந்தாள். கட்டுப் பிரித்திருந்தது. எல்லோரும் மிஷினில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டார்கள். அவள் கேரியரை எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் மேசை மேல் கிடந்த கேலிப்பரை எடுத்து, மிச்சமிருந்த விரல்களால் பிடித்து, கட்டைவிரலால் சக்கரத்தை உருட்டி மூடினாள். பூஜ்ஜியம் புள்ளி பூஜ்ஜியம் பூஜ்ஜியம். அவள் மேசையில் வைத்ததும் லேத்துக்காரர் ஒருவர் எடுத்து மூடிப் பார்த்தார், பதினாறு புள்ளி மூன்று எட்டு. மறுபடி அவளிடம் கொடுத்தார், பூஜ்ஜியம். அவள் கையில் மட்டும்தான் அது சரியாக இருந்தது. யாரும் வியக்கவில்லை. "அவளோடது அவகிட்டச் சேந்துருது," என்று மட்டும் சொல்லிக்கொண்டார்கள். சென்னியப்பன் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏனென்றால் சென்னையிலிருந்து, தகடு வாங்கும் பெரிய கம்பெனியின் சார்பில், தரம் பார்க்கிற அம்மா ஒருவர் வருவதாக இருந்தது. சந்துக்குள்ளேயே கழித்துக்கொள்ளலாம், சென்னைக்காரியைக் கழிக்கச் சொல்ல முடியாது. மூடிய கேலிப்பர் பூஜ்ஜியம் காட்டாவிட்டால் அன்றைக்கே ஆர்டர் போய்விடும். சென்னியப்பன் கோகிலாமணியின் வீட்டுக்கே போனார். கம்பெனியில் தகடு பரிசோதிக்கிற வேலை தருகிறேன், உட்கார்ந்து அளந்தால் போதும், ஃபேன் இருக்கிறது என்றார். கையைப் பற்றி அந்த அம்மா கேட்டால் கிரைண்டர் என்று சொல்லிவிடு என்றார். கோகிலாமணி டேப் என்றாள். அவர் தன் மகன் தலைமேல் சத்தியம் செய்து, எடுத்துவிடுகிறேன் என்றார்.

எனக்குச் செய்தி தெரிந்ததும் ஓடினேன். அவள் வாசலில் உட்கார்ந்து இடதுகையால் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, சொல்லாதீங்க. இந்தச் சந்து முழுக்க உங்க பக்கம் சாட்சி சொல்லிட்டிருக்கு. ஒவ்வொரு கேலிப்பரும் சொல்லுது."

"சொல்லுது. யாரு கேட்டா?"

"அந்த அம்மா கேப்பாங்க. நீங்க மட்டும் உண்மையைச் சொன்னா..."

"ஆர்டர் போகும். ஆர்டர் போனா கம்பெனியை இழுத்து மூடிட்டு அவரு பல்லடத்துல வேற பேருல தொறப்பாரு. அங்கயும் டேப்பு ஒட்டுவாரு." ஒரு தண்டை முறித்துப் போட்டாள். "நீ நல்லாப் பேசறே பிருந்தா. எனக்குப் புடிக்கும். பேசிப் பேசி ஒரு இஞ்சு டேப்பைப் பிரிச்சிருக்கியா?"

ஆய்ந்த இலைகளை அவள் ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"அங்க உக்காந்திருக்கறது உங்கம்மா. எனக்குப் போனது போயிருச்சு, அதை எங்க போச்சுன்னு சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன. அதைக் குடுத்து அந்த டேப்பை வாங்கறேன். எங்கிட்ட விக்கறதுக்கு வேற ஒண்ணும் இல்ல."

இதற்கு நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். உண்மை என்பது ஒருத்தியுடைய கைச்சரக்கு இல்லை, அதை அவள் விற்றால் எல்லோருடையதும் சேர்ந்து விற்றுப்போகும் என்று சொல்லியிருக்க வேண்டும். வாதத்தில் அது ஜெயிக்கும். ஆனால் அவள் விற்க நினைத்தது என் அம்மாவின் கைகளுக்காக, அதனால் நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கீரையை ஆயத் தொடங்கினேன்.

சென்னை அம்மா வந்தார். நல்லவராகத்தான் தெரிந்தார், அதுதான் கொடுமை. பிரஸ்ஸின் முன் நின்று இரண்டு பட்டன்களையும் பார்த்தார், இரண்டும் துடைத்துப் பளிச்சென்று இருந்தன, என் அம்மா இரண்டு கையாலும் அழுத்தி மெதுவாகத் தகடு வெட்டிக் காட்டினாள். பரிசோதனை மேசையில் கோகிலாமணி கேலிப்பரை மூடிக் காட்டினாள், பூஜ்ஜியம். தகடுகளை ஒவ்வொன்றாக, அழுத்தாமல், சாய்க்காமல், தாடை தொட்டதும் நிறுத்தி அளந்து காட்டினாள். அந்த அம்மா அவள் கையைப் பார்த்தார்.

"இது எப்படிம்மா ஆச்சு?"

வெளியே சந்தில் ஒரு லேத்தும் ஓடவில்லை. ஏதேதோ காரணம் சொல்லி எல்லோரும் அந்த ஷட்டர் ஓரம் வந்து நின்றிருந்தார்கள், நானும் நின்றிருந்தேன்.

"வீட்லங்க மேடம். கிரைண்டர்ல."

"அடடா. பாத்துச் செய்யணும்மா."

"ஆமாங்க மேடம்."

அந்த நேரத்தில் சந்தில் இருந்த அத்தனை கேலிப்பர்களும் பூஜ்ஜியத்துக்கு வந்தன. என் பைக்குள் இருந்ததும்தான். வெளியே யாரோ மூடிப் பார்த்து, பக்கத்தில் இருந்தவனிடம் காட்டி, அவன் தன்னுடையதை எடுத்து மூடிப் பார்த்து, செய்தி பேக்கரிவரை போய்த் திரும்புவதற்குள் சுவரில் இருந்த சாக்பீஸ் எண்களை ஈரத்துணியால் அழிக்கத் தொடங்கிவிட்டார்கள். சாயங்காலம் பூசணிக்காய் உடைத்தார்கள். ஞானசேகரன் சார் அந்தக் கேள்வியை வினாத்தாளிலிருந்து எடுத்துவிட்டார். பழக்கதோஷத்தில் கழித்துவிட்டுத் தகட்டை வீணாக்கினவர்களைப் பார்த்து இரண்டு நாள் சிரித்தார்கள், பிறகு அந்தச் சிரிப்பும் நின்றது, பிறகு அப்படி ஒரு எண் இருந்தது என்று சொன்னால், எந்த எண் என்றார்கள்.

என்னால் மட்டும் அந்தப் பூஜ்ஜியத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு கருவி உண்மையைச் சொன்னபோது பழுது என்றார்கள், பொய்யோடு ஒத்துப்போனதும் சரியாகிவிட்டது என்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் இதை நான் யாரிடம் கேட்பது, எந்த அலகில் கேட்பது.

டேப் மறுபடி வந்துவிட்டது. ஆர்டர் உறுதியான வாரமே வந்துவிட்டது. கோகிலாமணி தன் மேசையிலிருந்து அதைப் பார்த்தாள், எழுந்து போய்ப் பிரித்துச் சுருட்டிக் குப்பையில் போட்டாள், உட்கார்ந்தாள். மறுநாள் காலை அது அங்கே இருந்தது. அவள் மறுபடி பிரித்தாள், மறுபடி இருந்தது. சென்னியப்பன் தன் மகன் தலைமேல் சத்தியம் செய்தவர், தான் அதைத் தொடவே இல்லை என்றார். நான் நம்பவில்லை. அவர் ஒட்டுவதைக் கையோடு பிடித்து, அந்தச் சந்து நடுவே வைத்து, இத்தனை நாள் யோசித்துவைத்த பதில்களையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லிவிட வேண்டுமென்று, ஷட்டர் தூக்குகிற நேரத்துக்கே போய், தகட்டுச் சுருள்களுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

ஒட்டியது அம்மா.

முந்தானையில் முடிந்திருந்த டேப்பை எடுத்து, பல்லால் கடித்துக் கிழித்து, வலது பட்டனை அமுக்கிப் பிடித்துச் சுற்றினாள், சுருக்கம் விழாமல் தடவிவிட்டாள். பிறகு உட்கார்ந்து முதல் தகட்டை எடுத்தாள். பரிசோதனை மேசையிலிருந்து கோகிலாமணி அவளைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள், பிறகு கேலிப்பரை எடுத்துத் தாடைகளைத் துடைக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அவள் எழுந்து போய் அதைப் பிரிக்கவில்லை.

வீட்டில் நான் போட்ட சண்டை பக்கத்துக் காம்பவுண்டு வரை கேட்டிருக்கும். அம்மா திருப்பிச் சத்தம் போடவில்லை. பீஸு வரல கண்ணு என்று மட்டும் சொன்னாள், ரெண்டு கையில பீஸு வரல.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு பாயில் ஒருக்களித்துப் படுத்து அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் என் கேலிப்பரை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். தாடைகளைத் துடைத்தேன், மூடிப் பூஜ்ஜியம் பார்த்தேன். பாயின் விளிம்பில் கிடந்த அவளுடைய இடதுகையில் சுண்டுவிரலிலிருந்து தொடங்கினேன். சதை அமுங்கக் கூடாது, அமுங்கினால் அளவு தப்பும், தொட்டதும் நிறுத்த வேண்டும். ஒவ்வொரு எண்ணையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். என்றைக்காவது ஒரு காலை இந்தச் சந்து மறுபடி பூஜ்ஜியத்துக்கு வராமல் நின்றால், அது யாருடையது, எந்த விரல் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், யாரும் எனக்குச் சொல்லும்படி இருக்கக் கூடாது.

மோதிரவிரல். நடுவிரல். ஆள்காட்டி விரல். கட்டைவிரலில் தாடையின் குளிர்ச்சி பட்டிருக்க வேண்டும், அம்மா கண்ணைத் திறந்தாள். கேலிப்பரைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். கன்னத்துக்கடியில் வைத்திருந்த வலதுகையை இழுத்து, விரல்களை நன்றாக விரித்து, என் பக்கமாக நீட்டினாள்.